கிளியூர் அமுதவல்லியின் ரெஜிஸ்ட்ரி

பெயர்: அமுதவல்லி. பிறந்த நாள்: 11 நவம்பர் 1996. ஊர்: ஏற்காட்டை அடுத்த கிளியூர். தந்தை பழனிசாமி, காப்பி எஸ்டேட்டில் பழத்தோல் உரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறார். தாய் காவேரி, அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிறார். அமுதவல்லி சேலத்துக் கல்லூரி ஒன்றில் கணினிப் பயன்பாட்டியல் படித்து 2017இல் பட்டம் பெற்றார். ஏற்காடு டவுனிலுள்ள முகில்தடம் மென்பொருள் நிறுவனத்தில் 4 ஜூன் 2018 அன்று சேர்ந்தார். 30 மே 2022 அன்று நீக்கப்பட்டார். மலை விடுதி உரிமையாளர் கூட்டமைப்பில் ரெஜிஸ்ட்ரிப் பொறுப்பாளராக அமர்ந்தது 7 அக்டோபர் 2024.

நீக்கப்பட்ட நாளுக்கும் அமர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் அவருக்கு இருந்தது ஒரே நோக்கம். முகில்தடத்தின் உரிமையாளர் சத்யராஜ், தாம் செய்த தவற்றைத் தம் வாயாலேயே, அந்தப் பழியைத் தம்மேல் போட்ட அதே மண்டபத்தில், அதே மனிதர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அமுதவல்லி எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் மன்னிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை அவர் விரும்பவும் இல்லை.

முகில்தடத்தின் தொழில், விடுதிகளுக்கு அறைப்பதிவு மென்பொருள் தருவது. மென்பொருளையும் அது ஓடுவதற்கு வேண்டிய துணைக்கருவிகள் அனைத்தையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி மூடிவிடுவார்கள். அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பெயர். அதன்மேல் ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டி, ரெஜிஸ்ட்ரி எனப்படும் கிடங்குக் கணினியில் ஏற்றிவிட்டால், விடுதிகளின் கணினிகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு இறக்கிக்கொள்ளும். கடவுச்சொல் இல்லாதவருக்குத் திறக்காத தனிக் கிடங்கு அது. மழைக்கும் மேகத்துக்கும் இணைய லைன் அடிக்கடி போய்விடும் மலையாதலால், கிடங்கைச் சமவெளியில் எங்கோ வைக்காமல் அலுவலகத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய கணினியில் வைத்திருந்தார்கள். ஈரம் ஏறாதிருக்க அதனருகே ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

லைனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் எந்தக் கணினி வேலை தடைப்பட்டாலும் முதல் பழி லைன்மீதே விழும். திரையில் என்ன செய்தி வந்திருக்கிறது என்று எவரும் படிப்பதில்லை. "மேகம் எறங்கிருச்சு, இன்னொருக்கா அமுத்து" என்பார்கள். பெரும்பாலும் இரண்டாவது அழுத்தலில் காரியம் முடிந்தும்விடும். அதனால் அந்தப் பழக்கம் எவரிடமும் மாறவில்லை.

ஒவ்வொரு புதிய இமேஜுக்கும் ஒரு புதிய எண்ணைப் பெயராகக் கொடுக்க வேண்டும் என்று அமுதவல்லி வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலிருந்தே வற்புறுத்தினார். சத்யராஜ் கேட்கவில்லை. "நம்பர் போட்டுப் போட்டு என்ன அமுதா பண்றது? ஓட்டல் கம்ப்யூட்டரெல்லாம் 'சீசன்'னு ஒரே பேரத்தான் கேக்கும். அதும் மேலயே ஏத்து. பழசு தன்னால போயிரும்." நிறுவனத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். யார் எதை ஏற்றினார் என்று கேட்டால் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

2022 மே மாதக் கடைசி வாரம், பூ விழாச் சமயம். சீசனில் ஒரு விடுதி நிரம்பிவிட்டால் மிஞ்சிய விருந்தினரை அடுத்த விடுதிக்கு மாற்றிவிடுவது ஏற்காட்டு வழக்கம். அந்த மாற்றமும் இந்த மென்பொருளின் வழியாகவே நடந்தது. அதுவரை இரண்டு அறை கொண்ட காட்டேஜை மென்பொருள் இரண்டு அறைகளாக எண்ணியது. அதை ஒன்றாக எண்ணும்படி மாற்றினார் சத்யராஜ். மாற்றியதைத் தம் லேப்டாப்பிலேயே இமேஜாகக் கட்டி, வெள்ளிக்கிழமை மாலை, எவரிடமும் சொல்லாமல் (அடுத்த மேசையிலிருந்து அமுதவல்லி பார்த்ததோடு சரி), 'சீசன்' என்ற பழைய பெயரின் மேலேயே ஏற்றினார். அப்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. லைன் இருந்த ஏரிப்பக்கத்து விடுதிகள் புதியதை இறக்கிக்கொண்டன. லைன் போன கிளியூர்ச் சாலை விடுதிகளில் பழையதே ஓடியது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால் வேறுபாடு எவருக்கும் தெரியவில்லை. ஏரிப்பக்கம் "ஒன்று" என்று முழுக் காட்டேஜை எண்ணி அனுப்பியது. கிளியூர்ச் சாலை "ஒன்று" என்று அறையை எண்ணி வாங்கியது. அங்கே மாதேஸ்வரன் என்பவரின் காட்டேஜ் ஒன்றில் புதுமணத் தம்பதியரும் ஆத்தூரிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பமும் ஒரே குளியலறையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மலையெங்கும் இப்படி நிகழ்ந்தது.

திங்கட்கிழமை, கூட்டமைப்பின் செயலாளர் அண்ணாதுரைக்குச் சொந்தமான ஏரிக்கரை விடுதியின் உணவு மண்டபத்தில் உரிமையாளர்கள் கூடினார்கள். சத்யராஜ் அமுதவல்லியையும் அழைத்துச் சென்றார். எதற்கென்று அமுதவல்லிக்குத் தெரியாது.

"தப்பு எங்க ஆபீஸ்லதானுங்க. மறைக்க மாட்டேன்," என்று எழுந்தார் சத்யராஜ். "ஏத்துனது இந்தப் புள்ள."

"நான் ஏத்தலீங்க," என்றார் அமுதவல்லி.

"பின்ன பேயா வந்து ஏத்துச்சு?"

மண்டபம் சிரித்தது.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் உங்க லேப்டாப்லதானுங்க சார்..."

சத்யராஜ் கைகூப்பி உரிமையாளர்கள் பக்கம் திரும்பினார். "காப்பி பறிக்கற கையில கீபோர்டக் குடுத்தது என் தப்புதானுங்க. மன்னிச்சுருங்க."

இம்முறை முதலில் சிரித்தவர் அண்ணாதுரை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி, விடுங்க. சின்னப் புள்ள. கண்ணு, போறப்ப அப்படியே இந்த டீ கிளாசெல்லாம் எடுத்துக் கிச்சன்ல வெச்சுட்டுப் போயிரு சாமி," என்றார்.

அமுதவல்லி ஒவ்வொரு மேசையாகச் சென்று கிளாஸ்களை எடுத்தார். தட்டில் அவை ஒன்றோடொன்று மோதிய ஒலி வாசல்வரை கேட்டது. தங்கள் கிளாசில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை சிலர் அவரை நிற்க வைத்தார்கள்.

அன்றே வேலையும் போயிற்று. அவர் வீடு சேருமுன்பே செய்தி சேர்ந்துவிட்டிருந்தது. காவேரி அடுப்படியில் நின்றபடியே கேட்டார்.

"ஏண்டி, அவன் அப்படிச் சொன்னப்ப அந்த டீயத் தூக்கி மூஞ்சில ஊத்த வேண்டியதுதான?"

"காலி கிளாசும்மா."

"கிளாசையாச்சும் வீசியிருக்கலாமுல்ல? கண்ணாடிதான?"

"வீசுனா போலீசு எம்மேலதாம்மா வரும். மொறப்படிதான் செய்யோணும்."

"எந்த மொறையிலயோ செய்யி. ஆனா அவன் வாயாலயே சொல்லோணும். சிரிச்சவனுக அத்தன பேரும் கேக்கோணும். அதே மண்டவத்துல." காவேரி கரண்டியை நீட்டினார். "அதுவரைக்கும் இந்த ஊட்டுல அவன் பேரச் சொல்லி யாரும் டீ குடிக்கக் கூடாது."

"அவன் பேரச் சொல்லி இங்க யாரும்மா டீ குடிக்கறாங்க?"

"நாஞ் சொல்றது ஒரு பேச்சுக்குடி."

அடுத்த இரண்டாண்டுகள் அமுதவல்லி சேலத்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். காலைப் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, மாலைப் பஸ்ஸில் ஏறினார். வளைவுகள் ஒத்துக்கொள்ளாமல் கையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். அந்நிறுவனத்தின் ரெஜிஸ்ட்ரி ஒழுங்கானது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒருமுறை ஒட்டிய பெயரின் மேல் இன்னொன்றை ஒட்ட முடியாது. அந்தப் பூட்டு எப்படி அமைகிறது என்பதை அமுதவல்லி பொறுமையாகக் கற்றார். பூட்டு வேலை செய்கிறதா என்று சோதிக்க, மறுக்கப்படுவதற்கென்றே பழுதான இமேஜ்களைக் கட்டி ஏற்றிப் பார்ப்பார்கள். அவற்றுக்குப் பெயரிடும் பொறுப்பை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பக்கத்து இருக்கையில் இருந்த பவித்ரா ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க அக்கா, யாருங்க இந்த சத்யராஜ்? தெனமும் ரிஜெக்ட் ஆகறாரு."

"பழைய ஓனரு."

"பாவமுங்க."

"பாவமில்ல."

2024ஆம் ஆண்டில் விடுதி உரிமையாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே நிறுவனத்தின் கைக்குள் இருப்பது போதும் என்றும், ரெஜிஸ்ட்ரி கூட்டமைப்பின் சொந்தமாக இருக்க வேண்டும் என்றும், எந்த நிறுவனமும் அதில் ஏற்றித்தான் மென்பொருள் தர வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். பொறுப்பாளர் வேலைக்கு அமுதவல்லி விண்ணப்பித்தார். நேர்காணலில் அண்ணாதுரை அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நீ அந்தப் புள்ளதான?"

"ஆமாங்க."

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத சாமி. நொம்ப நாளாயிருச்சு."

"வெச்சுக்கலீங்க."

வேறு எவரும் அந்தச் சம்பளத்துக்கு மலையேறி வரத் தயாராக இல்லாததால் வேலை அவருக்கே கிடைத்தது. முதல் மாதத்திலேயே விதிகளை எழுதினார். ஒவ்வொருவரும் சொந்தக் கணக்கிலிருந்தே ஏற்ற வேண்டும். ஒருமுறை வைத்த பெயரின் மேல் எழுத முடியாது. விளக்கம் கேட்போர் எழுத்துமூலம், ஒருநாள் முன்னதாகக் கேட்க வேண்டும். எந்த நகரத்து நிறுவனத்திலும் இருக்கும் விதிகளே இவை. எவரும் குறை சொல்ல முடியாது. எழுதியவரின் நோக்கம் மட்டுமே தனிப்பட்டது. செய்தி சத்யராஜுக்கு எட்டியபோது, "கெடங்குக்குக் காவல் வெச்சிருக்காங்களாக்கும்," என்று சிரித்ததாக முகில்தடத்தில் வேலை பார்க்கும் லோகேஷ் பிற்பாடு சொன்னார்.

2025 சீசனுக்கான ஒப்பந்தத்துக்கு இரு நிறுவனங்கள் போட்டியிட்டன. ஒன்று முகில்தடம். மற்றொன்று மரியா என்பவர் சேலத்தில் நடத்துவது. ஏப்ரல் 9 அன்று, உரிமையாளர்கள் முன்னிலையில், இருவரும் தத்தம் மென்பொருளை இமேஜாகக் கட்டி, அன்று மாலை ஐந்து மணிக்குள் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றிக் காட்ட வேண்டும். அதற்கு முன் ஒத்திகையாக ஓர் இமேஜை ஏற்றிப் பார்க்கலாம் என்று இரு நிறுவனங்களுக்கும் சொல்லப்பட்டிருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் சத்யராஜ் தம் கணக்கிலிருந்து ஒத்திகை இமேஜை ஏற்றினார். அதன் பெயர் 'சீசன்'.

அமுதவல்லி அதை அன்று மாலையே பார்த்தார். 'சீசன்' என்ற பெயர் இனிப் பூட்டப்பட்டுவிட்டது. 9ஆம் தேதி சத்யராஜ் அதே பெயரில் ஏற்ற முயன்றால் ரெஜிஸ்ட்ரி மறுக்கும். வேறு பெயர் வைக்கச் சொல்லி ஒரு வரி போன் செய்தால் போதும். போன் கையில்தான் இருந்தது. எண்ணும் இருந்தது; அதை அவர் என்றுமே அழித்ததில்லை. விதி எழுத்தில் இருக்கிறது. படிக்காதவருக்குப் படித்துக் காட்டுவது பொறுப்பாளரின் கடமைகளுள் ஒன்றாக எழுதப்படவில்லை. கடமைகளை எழுதியவரும் அவரே. போனைப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

ஏப்ரல் 9 காலையில் ஏரிமேல் மேகம் இறங்கியிருந்தது. அதே மண்டபம். சுவரில் பெரிய திரை. மேசைகளில் டீ. மரியா முதலில் அமர்ந்து, இமேஜைக் கட்டி, புதிய எண்ணைப் பெயராகக் கொடுத்து ஏற்றினார். பச்சை எழுத்தில் "ஏற்கப்பட்டது" என்று வந்தது. உரிமையாளர்களின் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அடுத்து சத்யராஜ். கட்டளை கொடுத்ததும் திரையில் வரிகள் ஓடின. ஒவ்வோர் அடுக்காக இமேஜ் உருவாகி முடிந்தது. சத்யராஜ் நாற்காலியைத் திருப்பி உரிமையாளர்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு ஏற்றும் கட்டளையைக் கொடுத்தார். அடுக்குகள் எல்லாம் ஏறின. கடைசியில், பெயர் ஒட்ட வேண்டிய இடத்தில், சிவப்பு எழுத்து வந்தது: "சீசன் என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் இமேஜ் உள்ளது. மேலெழுத இயலாது."

"மேகம் எறங்கிருச்சுங்க," என்றார் சத்யராஜ். மீண்டும் அழுத்தினார்.

மீண்டும் சிவப்பு.

"லைன் போயிருச்சு போலிருக்கு," என்று அண்ணாதுரையும் எழுந்து சென்று மோடத்தை அணைத்துப் போட்டார். "ஏரிப்பக்கம் மரம் கிரம் உழுந்திருக்கும்," என்றார் மாதேஸ்வரன். எல்லோரும் சன்னல் வழியே மேகத்தைப் பார்த்தார்கள். திரையை எவரும் பார்க்கவில்லை. சத்யராஜ் அழுத்திக்கொண்டே இருந்தார். விசை ஒலி வரவர உரத்துக் கேட்டது.

"அமுதா கண்ணு, என்ன சாமி ஆச்சு?" என்றார் அண்ணாதுரை.

"லைன் நல்லாத்தானுங்க இருக்குது. காரணம் திரையிலயே இருக்குதுங்க."

"அப்ப அவருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கலாமுல்ல?"

"நான் சொல்லிக் குடுத்தா மரியா மேடத்துக்கு அநியாயமுங்க. அவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கலீங்களே."

இது நியாயமாகவே பட்டதால் அண்ணாதுரை உட்கார்ந்தார். பின்னாலிருந்து லோகேஷ் குனிந்து, "சார், வேற பேரு குடுத்துப் பாக்கலாமுங்க," என்றார். "சும்மா இரு. ஓட்டல் கம்ப்யூட்டர் பூராம் இந்தப் பேரத்தான் கேக்கும்," என்று சத்யராஜ் சீறினார். அழுத்தினார். சிவப்பு. மரியா உதட்டைக் கடித்துக்கொண்டு தம் லேப்டாப்பை மூடினார். பின் வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்காகவே அமுதவல்லி காத்திருந்தார். சத்யராஜால் பொறுக்க முடியாதது எது என்று நான்காண்டுகள் அவர்கீழ் வேலை செய்தவருக்குத் தெரியும். எழுந்து, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்:

"ஒருவேள சாரு இதுக்கு முன்னால சொந்தமா ஏத்தினதே இல்லீங்களோ? ஆளுங்கள விட்டேதான் ஏத்தறதுங்களா?"

சத்யராஜ் திரும்பினார். காது மடல்வரை சிவந்திருந்தது.

"யாரு, நானா? நீ கீபோர்டக் கண்ணுல பாக்கறதுக்கு முன்னால இருந்து ஏத்தறேன்! இதே 'சீசன்' மேலதான் ஏத்தறேன், ஒருநாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. பூ விழா அன்னிக்கு அந்தக் கொட்டற மழையிலயே ரெண்டாவது அமுத்துல ஏறிருச்சு! இன்னிக்கு உன் டப்பா ரெஜிஸ்ட்ரிதான்..."

"எந்தப் பூ விழாங்க சார்?"

மண்டபத்தில் ஒரு கிளாஸ் மேசையில் வைக்கப்படும் ஒலி கேட்டது.

"இல்ல... அது, லைன் வந்து..." என்றார் சத்யராஜ்.

"வெள்ளிக்கிழம சாயங்காலமுங்களா?" என்றார் அமுதவல்லி. "காட்டேஜ ஒண்ணா எண்ணறாப்ல மாத்துனீங்களே, அந்தப் பூ விழாங்களா?"

மாதேஸ்வரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏய்யா, என்ற காட்டேஜ்ல புதுச் சோடியையும் ஆத்தூர்க் குடும்பத்தையும் ஒண்ணா அடைச்சது நீயா? அந்த மாப்பிள்ள இன்னிக்கு வரைக்கும் எனக்குப் போன் போட்டுத் திட்டறானே!"

எவரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. சத்யராஜ் திரையின் பக்கம் திரும்பி, வேறெதுவும் செய்யத் தோன்றாதவராய், இன்னொரு முறை அழுத்தினார். சிவப்பு எழுத்து வந்தது. இப்போது எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மாதேஸ்வரன் அதை வாய்விட்டுப் படித்தார்.

சிரிக்காமல் இருந்தவர் அண்ணாதுரை ஒருவர்தான். "அப்ப அன்னிக்கு நீ சொன்னது..." என்று தொடங்கினார்.

"டீ குடிச்சாச்சுங்களா?" என்றார் அமுதவல்லி. கேள்வி சத்யராஜை நோக்கியதாக இருந்தது; பார்வை அண்ணாதுரைமேல் இருந்தது. "போறப்ப அப்படியே இந்த டீ கிளாசெல்லாம் எடுத்துக் கிச்சன்ல வெச்சுட்டுப் போயிருங்க."

சத்யராஜ் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். மேகத்துக்குள் பைக் கிளம்பும் சத்தம் இரண்டு மூன்று முறை உதைத்த பின்பே கேட்டது. அண்ணாதுரை எழுந்து, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, மேசை மேசையாகச் சென்றார். மாதேஸ்வரன் தம் கிளாசை நீட்ட முற்பட்டபோது அமுதவல்லி, "இன்னும் மிச்சமிருக்குதுங்களே, நிதானமாக் குடிங்க. அவரு நிப்பாரு," என்றார். அண்ணாதுரை நின்றார்.

ஒப்பந்தம் மரியாவுக்குச் சென்றது. வீட்டில் காவேரி வாசலிலேயே மறித்துக் கேட்டார்.

"சொன்னானா?"

"சொன்னாரும்மா."

"அவன் வாயாலயே?"

"அவரு வாயாலயேதான்."

"அழுதானா?"

"இல்ல."

காவேரியின் முகம் வாடியது. "அப்பறம் என்னத்தடி கிழிச்ச?" என்று உள்ளே போனவர், டீயுடன் வந்தார்.

மூன்று வாரம் கழித்து சத்யராஜிடமிருந்து, அவர் கணக்கிலிருந்தே, ஒரு வேண்டுகோள் வந்தது. ஏப்ரல் 9 அன்று மறுக்கப்பட்ட முயற்சிகள் இன்னும் தம் பெயருக்கு எதிரே தெரிவதாகவும், கூட்டமைப்பில் யார் உள்ளே நுழைந்தாலும் அது கண்ணில் படுவதாகவும், பிற ஊர் விடுதிகளில் வேலை தேடும் இந்நேரத்தில் அதை நீக்கித் தந்தால் உதவியாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார். முதல்முறையாக அமுதவல்லியை 'மேடம்' என்று விளித்திருந்தார். அத்தகைய எண்ணிக்கைகளை ரெஜிஸ்ட்ரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாகவே அழித்துவிடும் என்பதைச் சத்யராஜ் அறிந்திருக்கவில்லை.

அமுதவல்லி பதில் எழுதவில்லை. ரெஜிஸ்ட்ரியின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, தானாக அழிக்கும் வசதியை ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் நிறுத்தினார். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

கணக்கு: சத்யராஜ். பெயர்ச்சீட்டு: சீசன். மறுக்கப்பட்ட முயற்சிகள்: 43.